குளியலறைக் கதவு எத்தனை அங்குலம்?

விடுப்பு கிடைத்துவிட்டது என்ற செய்தியோடு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் புருஷனுக்கு முகமெல்லாம் பல்லாக இருந்தது. அவன் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். டிப்போவில் இரண்டு தடவை மனுப் போட்டு, இரண்டு தடவையும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மூன்றாவது தடவை அதிகாரியின் மேஜை மேல் மகளின் ஆஸ்பத்திரிக் காகிதங்களை விரித்துக் காட்டிய பிறகுதான் மனசு இரங்கியது. அடுத்த வாரம் வியாழன் முதல் ஞாயிறு வரை நான்கு நாள். ஒரு நாள்கூட முன்னே பின்னே நகர்த்த முடியாது என்று கறாராகச் சொல்லித்தான் கையெழுத்துப் போட்டாராம்.

மகளை வீட்டில் சிட்டு என்பார்கள். பன்னிரண்டு வயது. இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு சரக்கு வண்டி இடித்துத் தள்ளியதிலிருந்து சக்கர நாற்காலியில்தான் எல்லாம். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி இடுப்பில் அறுவை சிகிச்சை வைத்திருந்தார்கள். "எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னா இப்பவே போயிட்டு வந்துடுங்க. அப்புறம் ஆறேழு மாசம் படுக்கைதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கே என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று மணி நேரப் பயணத்தில் இருந்த அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவின் வரைபடம், எந்தப் பத்திரிகையிலிருந்தோ கிழித்தது, ஒரு வருஷமாகச் சிட்டுவின் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தது.

பூங்காவுக்கு உள்ளே போகும் டிக்கெட்டை அன்றைக்கே வாங்கியாகிவிட்டது. தங்குகிற இடம்தான் பாக்கி. அந்த நான்கு நாளும் பள்ளிகளுக்கு விடுமுறை என்பதால் ஊரே அங்கே போகிறது போலிருந்தது.

மறுநாள் மதியம் இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அவள் முன்னறையில் தையல் மெஷின் முன் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை, கால்சட்டை சுருக்குவது, ஜிப் மாற்றுவது என்று அக்கம்பக்கத்து வேலையெல்லாம் அவளிடம்தான் வரும். அன்று ஊசியில் நூல் கோத்தது கோத்தபடி இருந்தது. மெஷின் பலகை மேல் கைபேசி. அதன் திரையில் ஒரு ஹோட்டல் அறையின் படமும், கீழே சிவப்பு எழுத்தில், 'இந்த விலையில் இன்னும் இரண்டு அறைகள் மட்டுமே. இப்போது பதினாறு பேர் பார்க்கிறார்கள்' என்ற வரியும்.

கைபேசி அடித்தது. புருஷன்தான். பின்னால் பேருந்துகள் உறுமும் சத்தம்.

"அமுக்கிட்டியா?"

"இன்னும் இல்லங்க."

"இன்னும் என்ன யோசனை? பேரு, தேதி எல்லாம் நேத்தே நான் போட்டு வச்சாச்சு. கடைசி பட்டன் ஒண்ணுதான். வீல்சேர் படம் போட்டிருக்கான் பாத்தேல்ல?"

"பாத்தேன். படம் யார் வேணா போடலாம். பாத்ரூம் கதவு எவ்வளவு அகலம்னு எங்கயும் இல்லையே."

"ஹோட்டல்காரன் கதவு அகலத்தை எல்லாம் எழுதிட்டா இருப்பான்?"

"அமுக்கிட்டா மாத்தவும் முடியாது, பணமும் திரும்பாதுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்கு."

அவன் பெருமூச்சு விட்டது காதில் கேட்டது. "இங்க பாரு. எனக்கு டிரிப் எடுக்க ரெண்டு நிமிஷம்தான் இருக்கு. அந்தப் பக்கம் போய்ச் சேர நாலு மணி ஆகும். அதுவரைக்கும் போனைத் தொட முடியாது. அந்த ரெண்டு ரூமும் போச்சுன்னா, இவ்வளவு கெஞ்சி வாங்குன லீவு வீட்டுலதான் கழியும். அமுக்கிடு." நடத்துநர் விசில் ஊதினார். பேச்சு அறுந்தது.

அவன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் போன வருஷம் நடந்ததை நினைத்தால் விரல் பட்டன் பக்கமே போக மறுத்தது.

போன வருஷம் பெரிய ஆஸ்பத்திரிக்காக வெளியூர் போய் ஐந்து நாள் தங்கினார்கள். இடம் பிடித்துக் கொடுத்தது அவளுடைய தம்பி. கடைத்தெருவில் சின்னதாக டிராவல்ஸ் வைத்திருக்கிறான். "லிஃப்ட் இருக்குக்கா, நான் பேசிட்டேன்" என்றான். லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. மூன்று மாடிக்கும் புருஷன் மகளைத் தூக்கிக்கொண்டு ஏறினான், இறங்கினான். குளியலறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. நான்காம் நாள் சிட்டுவுக்குக் குளிரும் காய்ச்சலும் வந்து, சிறுநீரில் கிருமி என்று சொல்லி ஊசிமேல் ஊசி போட்டார்கள். விடுதித் தண்ணீர் சுத்தமில்லை, அதுதான் காரணம் என்று புருஷன் முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்து மச்சானோடு நேராகப் பேசுவதில்லை. ஒரே அறையில் இருந்தாலும், "உன் தம்பிகிட்ட சொல்லு" என்று அவள் வழியாகத்தான் பேச்சு.

அவள் எழுந்து போய் இன்னொரு தடவை நாற்காலியை அளந்தாள். சிட்டு அதில் உட்கார்ந்து ஜன்னல் ஓரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அது நேத்திலிருந்து வளரல" என்றாள் சிட்டு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

இருபத்து நாலரை அங்குலம். சக்கரத்தைத் தள்ளும் கை முட்டி இடிபடாமல் போக இன்னும் மூன்று அங்குலமாவது வேண்டும். வீட்டில் கொத்தனாரை வைத்துக் கதவைப் பெரிதாக்கியாகிவிட்டது. ஹோட்டல் கதவை யார் போய்ப் பெரிதாக்குவது?

பூங்காவுக்குள்ளேயே பூங்காக்காரர்கள் நடத்தும் ஹோட்டல் ஒன்று இருந்தது. சக்கர நாற்காலி போகும் அறைகளை அங்கே தொலைபேசியில் மட்டுமே பதிவு செய்வார்கள். அதற்கு வீட்டுத் தொலைபேசியில் போட்டாள். 'உங்களுக்கு முன்னால் இருபத்திரண்டு பேர் காத்திருக்கிறார்கள்' என்று ஒரு பதிவுக் குரல் சொல்லிவிட்டு, துள்ளலான இசையை ஓடவிட்டது. ரிசீவரை மெஷின் மேல் ஒலிபெருக்கியில் வைத்துவிட்டு, கைபேசியில் அந்த இணையதள ஹோட்டலின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டாள்.

எடுத்த பெண் குழைவாகப் பேசினாள். "எல்லா வசதியும் இருக்கு மேடம்."

"பாத்ரூம் கதவு எத்தனை இன்ச்னு ஒரு தடவை அளந்து சொல்ல முடியுமா?"

"சைட்ல எல்லா விவரமும் இருக்கு மேடம்."

"அதுல இல்லம்மா. அதான் கேக்கறேன்."

"அந்த ரூம்ல இப்ப கெஸ்ட் இருக்காங்க மேடம்."

"சரி. நாங்க பதிவு பண்ணா, அந்த வீல்சேர் ரூமே கிடைக்கும்தானே?"

"நீங்க சைட் வழியா புக் பண்றீங்க. அவங்க எங்களுக்கு ரூம்னு மட்டும்தான் அனுப்புவாங்க. எந்த ரூம்ங்கறது நீங்க வந்த பிறகு, இருக்கறதைப் பொறுத்து."

"அப்ப வீல்சேர் படம் போட்டிருக்கறது?"

"கேட்டு வச்சுக்கலாம் மேடம். உறுதி சொல்ல முடியாது."

அவள் கைபேசியைக் கீழே வைத்தாள். இரண்டு அறை ஒன்றாகியிருந்தது. 'கடைசி அறை!' என்று ஆச்சரியக்குறியோடு மினுக்கியது. ரிசீவரில் இசை மட்டும் எதுவும் தெரியாததுபோல் துள்ளிக்கொண்டே இருந்தது. அவளுக்கு முன்னால் இன்னும் பதினான்கு பேர்.

மூன்றேகாலுக்கு வாசல் மணி அடித்தது. தம்பி. கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு, முகத்தில் வேர்வை, கூடவே ஒரு அவசரச் சிரிப்பு.

"அக்கா, வேலை முடிஞ்சுது. அடுத்த வாரம் நம்ம பஸ் ஒண்ணு அங்க போகுது, நாப்பது பேர். உங்க மூணு பேரையும் சேத்துட்டேன். ஹோட்டலும் அதுலயே. மாமாகிட்ட நீதான் பக்குவமா சொல்லணும்."

"எங்களைக் கேக்காமயா?"

"கேட்டா மாமா வேணாம்னுதானே சொல்வாரு?"

அவன் கோப்பைத் திறந்து நீட்டினான். பளபளவென்ற தாளில் நீச்சல் குளம்.

"எத்தனாவது மாடி?"

"மூணு. ஆனா ரெண்டு லிஃப்ட். நானே விசாரிச்சேன்."

"யாருகிட்ட விசாரிச்சே? நேர்ல பாத்தியா?"

"மெயில் போட்டேன். இருக்குன்னு பதில் வந்துச்சு."

"போன வருஷமும் இருக்குன்னுதான் பதில் வந்துச்சு."

அவன் முகம் சுருங்கிவிட்டது. கோப்பை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். "ஒரு வருஷமாச்சுக்கா. இன்னும் எத்தனை நாளைக்கு இதையே சொல்லுவீங்க? வேணும்னா செஞ்சேன்? குழந்தைக்குக் காய்ச்சல்னு கேட்டதும் நான் அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல, தெரியுமா? இந்த ஒரு தடவையாவது சரியா செஞ்சு காட்டலாம்னுதான்..."

"காட்டறதுக்கு இது என்ன போட்டியாடா?" அவள் குரல் அவளையறியாமல் உயர்ந்தது. "அவர் ஒரு பக்கம் அமுக்கு அமுக்குன்னு நிக்கறாரு. நீ ஒரு பக்கம் பேரைச் சேத்துட்டு வந்து நிக்கறே. இங்க ஒருத்திக்குக் கையும் ஓடல காலும் ஓடல."

அப்போது பார்த்து இசை நின்றது. ரிசீவரிலிருந்து ஓர் ஆண் குரல் வணக்கம் சொன்னது. அவள் பாய்ந்து எடுத்தாள். தேதியைச் சொன்னாள், நாற்காலியைச் சொன்னாள். மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம்.

"அந்த மாதிரி ரூம் எங்ககிட்ட ரெண்டுதாங்க. ரெண்டுமே போயிடுச்சு. யாராவது ரத்து பண்ணா கூப்பிடறோம்."

"ரத்து பண்ணுவாங்களா?"

"இந்த விடுமுறையிலயா?" என்றார் அவர், பாவமாக. அவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

அவள் ரிசீவரை வைத்தாள். மணி மூன்று முப்பத்தைந்து. கைபேசியில் கடைசி அறை மினுக்கிக்கொண்டிருந்தது. எதற்காவது ஒத்துக்கொண்டுதான் ஆகவேண்டும் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. உறுதியில்லாத அறையோ, மூன்றாம் மாடியோ, அங்கே போய்ச் சமாளித்துக்கொள்ளலாம், எத்தனையைச் சமாளிக்கவில்லை? கைபேசியை எடுத்தாள்.

"நான் வரல."

சிட்டு கதவோரம் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"என்ன வரலே?"

"பார்க்குக்கு. டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க."

"ஒரு வருஷமா மேப்பை ஒட்டி வச்சுக்கிட்டு, இப்ப என்னடி இது? மாமாவும் நானும் சத்தம் போட்டதுக்கா? அது சும்மா..."

"அதுக்கில்ல." சிட்டு சக்கரத்தின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள். "அங்க போயும் நாலு நாள் தண்ணி குடிக்காம என்னால இருக்க முடியாது. போன தடவையே ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு."

அவளுக்கு முதலில் புரியவில்லை. "தண்ணி குடிக்காமயா? நான்தானே வேளாவேளைக்கு ஊத்திக் குடுத்தேன்?"

"ஜன்னல் வழியா கொட்டிட்டேன்."

தம்பி மெல்ல எழுந்து நின்றான்.

"பாத்ரூமுக்குள்ள சேர் போகாது. நீ ஆஸ்பத்திரில வரிசைல நிக்கும்போது அப்பாதான் தூக்கிட்டுப் போகணும். அப்பான்னா எனக்கு..." சிட்டுவின் காது சிவந்துவிட்டது. "நீ தூக்கிட்டுப் போனாலும் கதவைச் சாத்த முடியாது. நீ உள்ளயே நிப்பே. தண்ணி குடிக்கலேன்னா போகவே வேணாம்ல? அதான். காய்ச்சல் வரும்னு எனக்குத் தெரியாது."

"ஏண்டி சொல்லல?" என்றாள்.

"அப்பாவுக்கு முதுகு வலி. நீ அழுதுட்டே இருந்தே. எப்படிச் சொல்றது?"

ஐந்து நாளும் ஒரே அறையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்திருக்கிறாள். மகள் காலி டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோதெல்லாம், நல்ல பிள்ளை என்று தலையைத் தடவியிருக்கிறாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தாவிப்போய்க் கட்டிக்கொள்ளத்தான் தோன்றியது. ஆனால் சிட்டு முகத்தைப் பார்த்தால் யாரும் தொட வேண்டாம் என்பதுபோல் இருந்தது. அதனால் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"அப்ப தண்ணி நல்லாதான் இருந்துச்சா?" என்று தம்பி மெதுவாகக் கேட்டான். ஒரு வருஷப் பழி அந்தக் கேள்வியில் இறங்கிப் போவது தெரிந்தது. ஆனால் அவன் முகம் தெளியவில்லை. "இது அதைவிட மோசம்க்கா" என்றான்.

அவள் கைபேசித் திரையை அணைத்தாள். "அந்த ரூம் போகட்டும். உன் பஸ்ஸும் வேணாம். சிட்டு, நீ சொல்லு. ரூம்ல என்னென்ன இருக்கணும்?"

சிட்டு நம்பாமல் பார்த்தாள். பிறகு, யாராவது கேட்பார்கள் என்று இத்தனை நாள் காத்திருந்ததுபோல் கடகடவென்று சொன்னாள். "சேர் உள்ள போகணும். போய்த் திரும்பணும். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டணும். வாசல்லேந்து ரூம் வரைக்கும் யாரும் என்னைத் தூக்கக் கூடாது. நீச்சல் குளம் எல்லாம் வேணாம்."

தம்பி சட்டைப் பையிலிருந்து பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை உருவினான். எச்சில் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினான். "ஒரு இடம் இருக்கு. பூங்கா பின்வாசல் பக்கம், சின்ன விடுதி. பன்னண்டோ பதினாலோ ரூம்தான். ஆடம்பரம் எதுவும் இல்லைன்னு நான் யாரையும் அனுப்பறதில்ல. எந்த சைட்லயும் அது கிடையாது. நேரா போன் பண்ணாதான் உண்டு. தரைத்தளத்துல ரூம் பாத்த ஞாபகம்." ஒரு நொடி தயங்கினான். "ஞாபகம்தான். உறுதியா சொல்ல மாட்டேன்."

"போடு" என்று கைபேசியை அவனிடம் நீட்டினாள்.

நாலைந்து தடவை மணி அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள். பின்னால் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும் சத்தம். "மேனேஜர் வெளிய போயிருக்காரு. நான் ரூம் சுத்தம் பண்றவ. அஞ்சு மணிக்கு மேல கூப்பிடுங்க."

"கொஞ்சம் வச்சுடாதீங்கம்மா" என்றாள் அவள். "எனக்கு உங்ககிட்டதான் கேக்கணும். கீழ் ரூம்ல பாத்ரூம் கதவு எத்தனை இன்ச் இருக்கும்?"

அந்தப் பெண் சிரித்தாள். "இருபது வருஷமா இங்க இருக்கேன், இதை யாரும் கேட்டதில்ல. எதுக்கு?"

அவள் சொன்னாள். சுருக்கமாகத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் தண்ணீர் வரைக்கும் வந்துவிட்டது. மறுமுனையில் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"இருங்க, வரேன். அளக்கற டேப் எல்லாம் இங்க கிடையாது."

செருப்புச் சத்தம் தள்ளிப் போனது. கதவு ஒன்று திறந்தது. மூன்று பேரும் கைபேசியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். நடுவே இன்னொரு அழைப்பு வருவதாகக் கைபேசி 'டொக் டொக்' என்றது. புருஷன். மணி நாலாகிவிட்டது. எடுத்தால் இது அறுந்துவிடுமோ என்று பயந்து விட்டுவிட்டாள். மறுபடி 'டொக் டொக்'. பிறகு ஒரு செய்தி, 'அமுக்கினியா இல்லையா?'

செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. "குளிக்கற டவலைக் குறுக்கால விரிச்சுப் பிடிச்சுப் பாத்தேன். முழுசா விரியுது. அதுக்கு மேல ரெண்டு விரல் போகுது."

"டவல் அகலம்?"

"இருபத்தெட்டு இன்ச். சலவைச் சீட்டுல தினம் எழுதற நம்பராச்சே, மறக்குமா? உள்ள நான் துணி வண்டியை முழுசா ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டேன், திரும்புது. தாழ்ப்பாள் என் இடுப்பு உயரம். முன்வாசல்ல ரெண்டு படி இருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பின்பக்கம் நாங்க துணி வண்டி தள்ற சரிவு இருக்கு. அதுல படியே கிடையாது. பாப்பாவுக்கு சலவை அறை வழியா வர்றதுல சங்கடம் இல்லையே?"

"இல்ல" என்றாள் சிட்டு கைபேசியை நோக்கி, கொஞ்சம் சத்தமாகவே.

"யாரு, பாப்பாவா? சரி கண்ணு. ஆனா ஒரு சிக்கல் இருக்கு. அந்த ரூமை அதே நாளுக்கு வேற ஒரு குடும்பம் சொல்லி வச்சிருக்காங்க. நாலரை மணிக்குள்ள உறுதி சொல்றதா பேச்சு. மேனேஜர் அவங்ககிட்ட வாக்கு குடுத்துட்டாரு."

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அவங்களுக்கு அதே ரூம்தான் வேணுமா?" என்று அவள் கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாது. நான் கேட்டுப் பாக்கறேன். நம்பரைக் குடுங்க."

வைத்த மறுநொடி புருஷனின் அழைப்பு. எடுத்ததும் வெடித்தான். "எத்தனை தடவை அடிக்கறது? நான் இங்கேருந்து பாத்துட்டேன், அந்த ரூம் காணோம்! கடைசி ரூமும் போச்சா? ஒரு பட்டன், ஒரே ஒரு பட்டன் அமுக்க உனக்கு..."

"நான்தான் விட்டுட்டேன்" என்றாள். கைபேசியை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கதவைச் சாத்திக்கொண்டு, சிட்டு சொன்னதை அப்படியே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். 'அப்பான்னா எனக்கு' என்று அவள் பாதியில் நிறுத்தியதையும் சொன்னாள்.

மறுமுனையில் பேருந்து நிலையத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ அவனைக் கூப்பிட்டார்கள்.

"அஞ்சு நாளுமா?" என்றான் கடைசியில்.

"அஞ்சு நாளும்."

"நான் அவனைப் போட்டு அந்தத் திட்டு திட்டினேன்."

"ம்."

பிறகு முற்றிலும் வேறு குரலில் கேட்டான். "கட்டில் உயரம் கேட்டியா?"

"என்னது?"

"கட்டில் உயரமா இருந்தா சேர்லேந்து அவளா மாற முடியாது. திரும்பவும் நான்தான் தூக்கணும். கேக்கலையா? கேளு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "முதல்ல ரூம் கிடைக்கட்டும்" என்றாள். உன் தம்பி அங்கேயா இருக்கான் என்று அவன் கேட்டான். இருக்கிறான் என்றாள். "அவன்கிட்ட..." என்று ஆரம்பித்தவன், "வேணாம். வந்து நானே பேசிக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

பிறகு அரை மணி நேரம். அந்த அரை மணியை அவள் எப்படிக் கழித்தாள் என்று அவளுக்கே பிறகு நினைவில்லை. ஒரு ஜிப்பை இரண்டு தடவை தலைகீழாகத் தைத்துப் பிரித்தாள். தம்பி கடிகாரத்தைப் பார்ப்பதும் பார்க்காததுபோல் இருப்பதுமாக இருந்தான். சிட்டு புத்தகத்தைத் திறந்து வைத்திருந்தாளே தவிர பக்கம் திரும்பவில்லை. நாலரை ஆயிற்று. நாலு முப்பத்தைந்து. அந்தக் குடும்பம் உறுதி சொல்லியிருப்பார்கள். அவர்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும். அவர்கள் விட்டுத் தரவேண்டும் என்று எந்த முகத்தோடு எதிர்பார்ப்பது?

நாலு நாற்பதுக்கு மணி அடித்தது. ஆண் குரல். விடுதி மேனேஜர்.

"எங்க ரூம் சுத்தம் பண்ற அம்மணி என்னை உக்கார விட மாட்டேங்குது" என்றார் எடுத்த எடுப்பில். "அந்தக் குடும்பத்துக்கு நான் போன் பண்றதுக்குள்ள அதுவே பண்ணிருச்சு. அவங்களுக்கு மாடி ரூமே போதுமாம், காத்து வரும்னு சந்தோஷமா மாறிட்டாங்க. கீழ் ரூம், ஒண்ணாம் நம்பர், உங்க பேர்ல எழுதிட்டேன். வேற ரூம் மாத்திக் குடுக்க மாட்டேன். போதுமா?"

"கட்டில் எவ்வளவு உயரம்?" என்று அவள் கேட்டாள்.

மேனேஜர் ரிசீவரை மூடிக்கொண்டு யாரிடமோ கத்துவது கேட்டது. "முழங்கால் உயரமாம்" என்றார் திரும்பி வந்து. "பெரியவங்க முழங்காலாம்."

சிட்டு தன் நாற்காலி இருக்கையின் உயரத்தைக் கையால் காட்டினாள். சரியாக வரும்.

அன்று சாயங்காலம் புருஷன் சீருடையைக்கூடக் கழற்றாமல் மச்சானைக் கூட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தான். என்ன பேசினார்கள் என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது, வியாழக்கிழமை தம்பியின் வேனிலேயே போவதென்று முடிவாகியிருந்தது. வழி நெடுக, "கியரை மாத்து, கண்ணாடியைப் பாரு" என்று புருஷன் தம்பியை விரட்டிய விரட்டலுக்கு, வேன் போய்ச் சேர்ந்ததே பெரிய விஷயம்.

விடுதிப் பின்பக்கம் சரிவின் மேலே ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு குள்ளமான அம்மா நின்றாள். துணி மூட்டைகளை ஓரம் தள்ளி வழி விட்டிருந்தாள். சிட்டு யாரையும் தொடவிடாமல் தானே சக்கரத்தை உருட்டி ஏறினாள். அறைக்குள் போனாள். குளியலறைக் கதவு தாழிடும் சத்தம் கேட்டது. பெரியவர்கள் மூன்று பேரும் ஜன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்தார்கள். வெளியே பார்க்க ஒன்றுமே இருக்கவில்லை.

மறுநாள் பூங்காவில்தான் அடுத்த பிரச்சினை. விளையாட்டு வண்டிகளில் ஏற வேண்டுமானால் நாற்காலியிலிருந்து தூக்கித்தான் வைக்க வேண்டும். அதற்கு வேறு வழியில்லை. புருஷன் ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்றான். கையை நீட்டவில்லை, மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தான். சிட்டு அது ஓடுவதை ஒரு முழுச் சுற்று கவனித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொன்னாள்.

"இதுக்குத் தூக்க வேணாம். சும்மா சுத்துது."

படகுக்கு, "இதுக்குத் தூக்கலாம்."

குகை ரயிலுக்கு, "இதுக்கும் தூக்கலாம்."

இப்படியே மூன்று நாளில் ஏழு தேறின. கடைசி நாள் மத்தியானம் ராட்சத ராட்டினத்தின் அடியில் வந்து நின்றார்கள். சிட்டு கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தாள். உச்சியில் இருந்த பெட்டிகள் தீப்பெட்டி மாதிரி தெரிந்தன.

"தூக்கலாம்" என்றாள்.

புருஷன் மேலே பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போவதை அவள் பார்த்தாள்.

"பயமாப்பா?"

"பயமெல்லாம் இல்ல" என்றான். "பஸ்ஸுன்னா நான் ஓட்டறேன். இதை யார் ஓட்டறாங்கன்னே தெரியலையே."

"கண்ணை மூடிக்கோ" என்று சொல்லி, சிட்டு அவன் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். அவன் தூக்கினான். தம்பி இன்னொரு பக்கம் பெட்டியின் கதவைப் பிடித்துக்கொண்டான். வேலையாள் கம்பியைப் போட்டுப் பூட்டினார்.

அவள் கீழேயே நின்றுவிட்டாள். காலி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பெட்டி அவர்களுடையது என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். உச்சிக்குப் போனபோது யாரோ அலறியது கேட்டது. அது நிச்சயமாகச் சிட்டுவின் குரல் இல்லை.